குரோம் குழாய்: சென்ற ஞாயிறு வந்த குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் குளியலறைக் குழாய்களைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. மங்கிப்போன குரோம் குழாயின் மேல் கழிவறை கழுவும் ஆசிட்டைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, ஸ்டீல் நாரால் தேய்த்துக் கழுவினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியும் கறை போகாவிட்டால் அதன் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்க்கலாம் என்றும் இருந்தது. முதல் பாதி குழாயைக் கெடுக்கும். இரண்டாம் பாதி ஆளின் உயிருக்கே உலை வைக்கும். கடிதம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

நான் முலாம் பட்டறையில் 29 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் ஆறு ஆண்டு பஃபிங் என்கிற மெருகுச் சக்கரத்தில் நின்றேன். அதற்குப் பிறகு கடைசி நாள் வரை முலாம் பூசும் தொட்டியடிதான். குழாய், ஷவர், துண்டு மாட்டும் கம்பி, சோப்புத் தட்டு என்று குளியலறைச் சாமான்கள் மட்டுமே எங்கள் பட்டறைக்கு வரும். நீங்கள் எழுதிய முறை எனக்கு நன்றாகத் தெரிந்த முறை. பூச்சு சரியாக விழாத சாமானிலிருந்து குரோமை உரித்தெடுக்க நாங்கள் செய்தது அதைத்தான்.

என் அக்கா அந்தக் குறிப்பை வரி பிசகாமல் செய்து பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. "தம்பி, பேப்பர்ல போட்டிருந்த மாதிரிதான்டா செஞ்சேன். கறையெல்லாம் போயிருச்சு. ஆனா குழாய் ஒரு மாதிரி மஞ்சளா இருக்கு. உள்ள இருக்கிற பித்தளை வெளிய வந்துருச்சா?" என்றாள். பதினாறு வருஷத்துக் குழாய் அது. அவள் வீடு கட்டியபோது நான்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கையில் தூக்கினாலே கனம் தெரியும் பித்தளை வார்ப்பு. ஒழுக்கு கிடையாது, ஒரு வாஷர் மாற்றியதோடு சரி. அன்று மத்தியானமே போய்ப் பார்த்தேன்.

குழாயின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பாரித்திருந்தது. பித்தளையின் மஞ்சள் இல்லை அது. பழைய வெள்ளிச் சாமானில் தெரியுமே, அப்படி லேசான மஞ்சள். நிக்கலின் நிறம். ஆசிட் படாத பக்கத்தில் குரோமின் நீல ஓட்டம் அப்படியே இருந்ததால் இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. "பித்தளை வரலக்கா, நிக்கல்தான் வந்திருக்கு" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

குழாயின் மேல் என்ன இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. அது தெரிந்தால் யாரும் அதன் மேல் ஆசிட் ஊற்றமாட்டார்கள். குழாய் முழுக்க குரோம் இல்லை. அடியில் பித்தளை இருக்கும், அல்லது துத்தநாகக் கலவை இருக்கும். கை ஷவர் போன்றவற்றில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பித்தளைச் சாமான் என்றால் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நிக்கல் தொட்டியில் இறக்குவோம். 10 மைக்ரான் நிக்கல் ஏறுவதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் பிறகுதான் குரோம் தொட்டி. லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், 2.5 கிராம் கந்தக அமிலம், 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடு, மின்சாரம் பாய்ச்ச ஈயத் தகடுகள் நேர்முனை. இறக்கிய இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுவோம். அதற்குள் ஏறும் குரோமின் கனம் கால் மைக்ரான் அளவுதான். இந்தக் கடிதத்தை நீங்கள் அச்சிடப்போகும் தாளின் கனத்தை இருநூறு பங்காகப் பிரித்தாலும் ஒரு பங்கு அதைவிடக் கனமாக இருக்கும்.

குழாயில் தெரியும் பளபளப்பு குரோமுக்குச் சொந்தமானதும் இல்லை. மெருகுச் சக்கரமும் நிக்கலும் கொடுத்த பளபளப்பு அது. நிக்கலை வெறுமனே விட்டால் காற்றுப் பட்டு மங்கிவிடும். மங்காமல் காப்பதற்காக மேலே போர்த்திய மெல்லிய போர்வைதான் குரோம். அந்த நீல ஓட்டம் மட்டும்தான் அதனுடையது. அதனால் தேய்க்கத் தேய்க்க குரோம் பளபளக்கும் என்று நினைப்பதே தப்பு. பட்டறையை விட்டு வெளியே வரும்போதே அது இருக்கவேண்டிய பளபளப்போடுதான் வருகிறது. பிறகு மங்கலாகத் தெரிந்தால் ஒன்று, மேலே ஏதோ படிந்திருக்கிறது. இல்லையென்றால் பூச்சுக்குக் காயம் பட்டிருக்கிறது. முதலாவதைத் துடைத்து எடுக்கலாம். இரண்டாவதற்கு வீட்டில் மருந்து கிடையாது.

எங்கள் பட்டறையில் மூலையில் ஒரு தொட்டி இருந்தது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதில் இருக்கும். பூச்சு கருகிய சாமானையும் முனையில் பால் போல வெளுத்துப்போன சாமானையும் கம்பியில் கோத்து அதில் இறக்குவோம். இறக்கிய உடனே புசுபுசுவென்று குமிழி கிளம்பும். ஹைட்ரஜன் அது. ஆசிட்டில் பச்சை பரவும். குமிழி நின்றதும் தூக்கிப் பார்த்தால் நீலம் போய் நிக்கல் மட்டும் நிற்கும். தொட்டியில் போட்டுவிட்டு யாரும் வேறு வேலை பார்க்கப் போகமாட்டார்கள், அதற்குள் முடிந்துவிடும். கழிவறை கழுவும் பாட்டில்களில் பலவற்றில் இருப்பதும் இதே அமிலம்தான், கொஞ்சம் நீர்த்தது. நாங்கள் கண்கொட்டாமல் நின்று செய்த வேலையை நீங்கள் பத்து நிமிடம் ஊறவிட்டுச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தப் பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. குரோம் என்று நாங்கள் சொல்லும் குரோமியத்தை 1797இல் ஒரு செந்நிறத் தாதுவில் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான். அதன் உப்புகள் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வந்ததால் கிரேக்க மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் மேஸ்திரி இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. நிறத்தின் பெயரைச் சுமந்த உலோகம், குழாய் மேல் ஏறிய பிறகு எந்த நிறமும் காட்டாமல் எதிரே நிற்பவர் முகத்தை மட்டும் காட்டுகிறது.

காற்றிலும் தண்ணீரிலும் வருஷக் கணக்காக நிற்கும் குரோம் இந்த ஒரு அமிலத்துக்கு ஏன் தோற்கிறது என்று கேட்கலாம். குரோம் தன் மேல் தானே ஒரு ஆக்சைடு தோலை வளர்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத தோல். கீறினாலும் காற்றுப் பட்ட உடனே மறுபடியும் வளரும். நைட்ரிக் அமிலம் கூட அந்தத் தோலைப் பலப்படுத்தத்தான் செய்யும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருக்கும் குளோரைடு அந்தத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ப்ளீச்சிலும் குளோரைடு உண்டு. அதனால்தான் ப்ளீச் தெளித்துவிட்டுக் கழுவாமல் விட்ட குழாயில் ஊசி குத்தினது போலப் புள்ளிகள் வருகின்றன.

அக்கா வீட்டில் என்னை அதிகம் வருத்தியது அந்தக் குழாய் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த துண்டுக் கம்பி. அதன் மேல் அவள் ஆசிட்டே போடவில்லை. கைகூட வைக்கவில்லை. ஆனாலும் கம்பியின் அடிப்பக்கம் பூராவும் மணல் தூவினது போலப் பச்சைப் புள்ளிகள். விசாரித்தேன். தரை ஓடுகளுக்கு மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்க்கிறாள். தண்ணீர் தெறிக்காமல் இருக்க அப்போது கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த ஆசிட்டின் ஆவி மேலே எழும்பும். குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரத்தோடு சேர்ந்து மறுபடியும் ஆசிட்டாகவே உட்காரும். கால் மைக்ரான் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் எப்போதும் உண்டு. ஆவி அவற்றின் வழியே நிக்கலைத் தின்று, பித்தளையைத் தொட்டு, பச்சைக் களிம்பாக வெளியே வருகிறது. ஊற்றியது தரையில், செத்தது கம்பி. கட்டிய புதிதில் தரையில் சிந்திய சிமெண்டை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்களே, அப்போதே குழாயையும் மாட்டியிருந்தால் வீட்டுக்காரர் குடிவருவதற்கு முன்பே அந்தக் குழாய்க்குப் பாதி ஆயுள் போய்விடும். தரையை ஆசிட் போட்டுத்தான் கழுவியாக வேண்டும் என்றால், கழுவி முடித்துக் காற்றாட விட்ட பிறகே குழாயை மாட்டச் சொல்லுங்கள். எங்கள் பட்டறையிலேயே ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் முடிந்த சாமானை வைக்கவிடமாட்டார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. ஆசிட் இருக்கும் இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரின் வாயு வரும். சந்தேகமே இல்லாமல் வரும். முதல் உலகப் போரில், 1915இல், எதிரிப் படை மேல் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். குழாயடியில் குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கும். நுரையீரலில் ஈரம் பட்ட உடனே அது புண்ணாக்கும். அக்கா வீட்டில் கறை ஆசிட்டிலேயே போய்விட்டதால் அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை. போயிருந்தால் திங்கட்கிழமை எனக்கு வேறு மாதிரிப் போன் வந்திருக்கும். அவள் குளியலறையில் இருப்பது கையகல ஜன்னல் ஒன்றுதான். யாராவது தெரியாமல் இரண்டையும் கலந்துவிட்டால் நின்று கழுவிவிடப் பார்க்கக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், கதவையும் ஜன்னலையும் திறந்துவிட வேண்டும், நெஞ்சு எரிந்தாலோ இருமல் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, குழாய் மங்கினால் என்னதான் செய்வது? முதலில் அது அழுக்கு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் துளி காய்ந்த இடத்தில் தங்கிவிடுகின்றன. அவற்றைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே அது மிகக் கடினமான தண்ணீர். 300 இருக்கும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி. ஒரே இடத்தில் நாளொன்றுக்கு 20 துளி காய்ந்தால் 0.3 மில்லிகிராம். வருஷத்துக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். அவ்வளவு சுண்ணாம்பு விரல்நுனி அகலத்தில் உட்கார்ந்தால் எந்தக் குழாய்தான் வெளுக்காது? சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது போகாது. சோப்பு அந்த உப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காகி மேலே இன்னொரு படிவை ஏற்றும்.

அதனால் குரோமுக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் குளித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ ஈரத்தை ஒற்றி எடுப்பது. அரை நிமிடம் ஆகாது. துளி காயாவிட்டால் உப்பு இல்லை; உப்பு இல்லாவிட்டால் ஆசிட் நினைப்பே வராது. மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். இழைகளில் மெழுகு போலப் படிந்து துணி ஈரத்தை இழுக்காமல் போகும். ஷாம்பூ, சோப்பு நுரை தெறித்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் அலசிவிட்டு ஒற்றுங்கள். பதினாலு வருஷம் அக்கா குழாய் அப்படியே இருந்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். குளித்துவிட்டு வரும்போது தோள் துண்டாலேயே குழாயைத் துடைத்துவிட்டு வருவார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. குழாய் மங்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். அக்கா இதைச் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன்.

ஏற்கெனவே உப்பு ஏறிவிட்டதா? நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டு, உடைந்து தூளாக வந்தால் உப்பு. நகத்துக்கு ஒன்றும் தட்டாமல் நிறம் மட்டும் மாறியிருந்தாலோ, குழி தெரிந்தாலோ, கொப்புளம் மாதிரித் தோல் எழும்பியிருந்தாலோ அது காயம், அதை நோண்டாதீர்கள்.

அக்கா வீட்டிலேயே ஷவர் தண்டில் உப்பு அப்படியே இருந்தது. அதை வைத்துச் செய்து காட்டினேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து தண்டைச் சுற்றிவிட்டேன். பத்து நிமிடம். எடுத்துப் பார்த்தால் பாதி தானே கழன்றிருந்தது. மீதியைத் துணியால் தேய்த்தேன். நிறையத் தண்ணீர் விட்டு அலசினேன். காய்ந்த துணியால் துடைத்தேன். பிடிவாதமாக ஒட்டியிருந்த ஒரு இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை. ஒரே முறையில் முடித்துவிடலாம் என்று அரை மணி, ஒரு மணி என்று ஊறப்போடக்கூடாது. இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் செய்வதே குழாய்க்கு நல்லது. "இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. இவ்வளவுதான்.

கரைசலைக் குழாய் மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள், துணியில்தான் எடுக்க வேண்டும். பீய்ச்சினால் கைப்பிடிக்கு அடியிலும் மூட்டு இடுக்கிலும் போய் உட்காரும்; அலசினாலும் அங்கிருந்து போகாது. வெந்நீர் ஓடிச் சூடாக இருக்கும் குழாயில் எதையும் தடவக்கூடாது, ஆறட்டும். வினிகர் வேலை செய்யுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். செய்யும். ஆனால் சில தயாரிப்பாளர்கள் குழாயோடு தரும் சீட்டில் அசிட்டிக் அமிலமும் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். வினிகர் என்பது அதுதான். சிட்ரிக் அமிலம் கிடைக்கிறபோது நான் அதற்குப் போகமாட்டேன். வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்பவர்களும் உண்டு. ஒன்று இன்னொன்றின் பலத்தை எடுத்துவிடுகிறது; பொங்கி அடங்கிய பிறகு உப்பை எடுக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

சோப்புப் பிசுக்கு வேறு விஷயம். அதற்கு முதலில் சிட்ரிக் கரைசல், அலசிய பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. அமிலம் பிசுக்கை உடைத்து மெழுகு மாதிரி ஒரு கொழுப்பாக விட்டுவிடும், அந்தக் கொழுப்பைத் திரவம் எடுக்கும். தனித்தனியாக ஏதாவது ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் போகவில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

குழாய் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றி அதே கரைசலில் போடுங்கள். தண்ணீர் கோணலாகப் பீய்ச்சுவது பெரும்பாலும் அதில் அடைத்த உப்பினால்தான். கழற்றும்போது இடுக்கியை நேராக வைக்காமல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு திருகுங்கள். பல் பதிந்த இடத்தில் பூச்சு போய்விடும், பிறகு அங்கிருந்துதான் களிம்பு கிளம்பும். ஷவரில் ரப்பர் போன்ற முனைகள் இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே உப்பு உதிரும்.

நாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரோம் இரும்பைவிடக் கெட்டி. அதைக் கேட்டுவிட்டு, ஸ்டீல் நாரால் அதை என்ன செய்ய முடியும் என்று எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்களே கேட்பார்கள். கெட்டிதான், ஆனால் கால் மைக்ரான். அடியில் இருக்கும் நிக்கல் அவ்வளவு கெட்டி இல்லை. பூச்சில் ஏற்கெனவே ஓட்டை விழுந்த இடத்தில் நார் மாட்டினால் ஓரத்தைப் பெயர்க்கும். நாரிலிருந்து உதிரும் இரும்புத் தூள் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும். குழாயே துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் இதைவிட மோசம். பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு துகள் ஒட்டியிருக்கிறார்கள். அது குரோமைவிடவும் கெட்டி. கை ஷவர் போன்ற பிளாஸ்டிக் சாமானில் அது போடும் கோடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும். துணிக்கு மேல் எதுவும் வேண்டாம். இடுக்குக்கு மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

அக்கா குழாயின் நிலைமைக்கு வருகிறேன். உரிந்த குரோமை வீட்டில் ஒட்டவைக்க முடியாது. நல்ல பித்தளைச் சாமானைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பூச்சு முழுவதையும் எடுத்து, மறுபடியும் மெருகேற்றிப் பூசலாம். அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. நன்றாக அலசிக் காயவைத்து, காருக்குப் போடும் கார்னோபா மெழுகை மெல்லிசாகத் தடவிப் பூந்துணியால் தேய்த்துவிட்டேன். தேய்க்கும் துகள் கலந்த பாலிஷ் வேண்டாம், வெறும் மெழுகுதான். நிக்கல் மங்குவதை அது கொஞ்ச நாள் தள்ளிப்போடும், நிறுத்தாது. கெடாத குழாய்களுக்கும் அப்படித் தடவினால் துளி தங்காமல் உருண்டு ஓடும். துண்டுக் கம்பிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. களிம்பைத் துணியால் எடுத்துவிட்டு மெழுகு பூசினேன். புள்ளி இருந்த இடங்களில் குழிகள் நின்றன.

ஒரு குழாய்க்காக இவ்வளவா என்று நினைக்கலாம். குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம் என்கிற குரோமிய வடிவம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். முடிந்த குழாயில் அது கிடையாது. குழாயைத் தொடுபவருக்கு ஒரு பயமும் வேண்டாம். ஆனால் தொட்டியடியில் நிற்பவருக்கு உண்டு. மின்சாரம் ஓடும்போது தொட்டியிலிருந்து குமிழி உடைந்து மஞ்சள் மூடுபனி கிளம்பும். என்னோடு பதினொரு வருஷம் நின்ற ஒருவருக்கு மூக்கின் நடுத் தண்டில் ஓட்டை விழுந்தது. வலியே இல்லாமல் விழுந்தது, ஒரு நாள் மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. என் இடது கையில் இரண்டு விரல் கணுவில் குரோம் புண் ஆறிய வட்டத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் இந்தக் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது என்று ஆக்கியிருக்கிறது. அபாயம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத் தொட்டிகளும் வந்துவிட்டன. எல்லாப் பட்டறையும் இன்னும் மாறவில்லை. உங்கள் குறிப்பைப் படித்து எத்தனை பேர் குழாயை உரித்தார்களோ, அத்தனை புதுக் குழாய் எங்கோ ஒரு தொட்டியில் இறங்க வேண்டும், அதன் பக்கத்தில் யாரோ ஒருவர் நிற்க வேண்டும். நான் பூசி அனுப்பிய குழாய் இருபது வருஷம் ஒரு வீட்டில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் குறிப்பைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

குறிப்பை அனுப்பிய வாசகர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசிட் ஊற்றிய அந்த நிமிடத்தில் உப்புக்கறை உண்மையிலேயே போய்விடும். பளிச்சென்று இருக்கும். மஞ்சள் பாரிப்பது அப்போது ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்த்ததை அவர் எழுதினார். ஆனால் அச்சிடுவதற்கு முன் முலாம் தெரிந்த ஒருவரிடமோ வேதியியல் படித்த ஒருவரிடமோ காட்டியிருந்தால் இரண்டு வரியுமே நின்றிருக்கும்.

திருத்தத்தை வரும் ஞாயிறே வெளியிட வேண்டும். அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அகலத்தில். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லாவிட்டாலும், குரோம் மேல் ஆசிட் வேண்டாம், ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே வேண்டாம் என்ற இரண்டு வரியாவது பெரிய எழுத்தில் வரட்டும். அகலத்தை ஏன் கேட்கிறேன் என்றால், அக்கா அந்தக் குறிப்பைக் கத்தரித்துக் குளியலறைக் கதவின் உள்பக்கம் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். நான் பிய்க்கப் போனபோது பேப்பர் வராமல் கதவுப் பெயிண்ட் உரிந்து வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். திருத்தம் அதே அளவில் வந்தால் அதன் மேலேயே ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முலாம் தொழிலாளி ஒருவர்